சயாம் மரண ரயிலும் ஆஸ்திரேலிய சிப்பாய்களும்: வாசகர் கேள்வி பதில்

கே: தாய்லாந்து டூர்ல காஞ்சனபுரி கல்லறைத் தோட்டம் பாத்தோம். ஆஸ்திரேலியாக்காரங்க பேரு நிறைய இருக்கே, அங்க எதுக்கு வந்தாங்க? (ஈரோடு வாசகர்)

ப: தாய்லாந்துல சண்டை போட வரலைங்க, கைதியா இழுத்துட்டு வந்தாங்க. ரெண்டாம் உலகப் போர்ல, 1942 பிப்ரவரி 15-ல சிங்கப்பூர் ஜப்பான்கிட்ட சரண்டர் ஆனப்போ ஆஸ்திரேலிய ராணுவத்தோட 8-வது டிவிஷன்ல சுமார் 15,000 பேர் ஒரேயடியா மாட்டிக்கிட்டாங்க, ஜாவாலயும் கொஞ்ச பேர். பர்மாவுக்கு கப்பல்ல சாமான் அனுப்புறது ஆபத்தா போனதால ஜப்பான் ராணுவம் தாய்லாந்துல (அப்போ சயாம்னும் சொல்வாங்க) இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட இவங்கள காட்டுக்குள்ள தள்ளிச்சு, அதத்தான் மரண ரயில்னு சொல்றாங்க. சுமார் 13,000 ஆஸ்திரேலியர்கள் வேலை செஞ்சதுல 2,800 பேர் வரைக்கும் செத்துப்போனாங்க.

கே: ஹெல்ஃபயர் பாஸ்னு ஏன் பேரு? (சேலம் வாசகி)

ப: ஹெல்ஃபயர்னா நரக நெருப்பு. அந்த ரயிலுக்காக மலைப் பாறைய நடுவுல பொளந்து பாதை எடுத்த இடம் அது. ஒருத்தர் உளிய புடிச்சுக்க இன்னொருத்தர் சம்மட்டியால அடிச்சு குழி போடணும், வெடி வச்சதும் கல்லை கையால அள்ளிக் கொட்டணும், ராத்திரியிலயும் வேலை நிக்காது, மூங்கில் தீ வெளிச்சத்துல எலும்பும் தோலுமா ஆளுங்க நடமாடுறத பாத்தா நரகம் மாதிரியே இருந்துச்சாம். மூங்கில் கீறின சின்ன காயம்கூட சீழ் புடிச்சு எலும்பு தெரியுற புண்ணா ஆயிடும், டாக்டருங்க அத மயக்க மருந்து இல்லாம ஸ்பூனால சுரண்டி எடுத்தாங்க. காலரா வந்தவங்களுக்கு உப்புத் தண்ணி காய்ச்சி, மூங்கில்லயே ஊசி செஞ்சு ஏத்தினாங்க. எனக்கு ரொம்ப மரியாதை 'வியரி' டன்லப்ங்கற ஆஸ்திரேலிய சர்ஜன் மேல. நோயாளிகள வேலைக்கு இழுத்துட்டுப் போக ஜப்பான்காரங்க வந்தா குறுக்க நிப்பாரு, அடியும் வாங்குவாரு. கைதியா இருந்த ஆபீசர்ங்க சம்பளத்துல ஒரு பங்க எடுத்து நோயாளிகளுக்கு வாத்து முட்டை வாங்கிக் கொடுத்தாங்க.

கே: நம்ம ஆளுங்களும் அங்க செத்தாங்கன்னு தாத்தா சொல்வாரு, நிஜமா? (சிவகங்கை வாசகர்)

ப: நிஜம்தாங்க. மலேயா ரப்பர் தோட்டத்துல இருந்து நல்ல கூலின்னு ஆசை காட்டியும், புடிச்சுட்டுப் போயும் ஆயிரக்கணக்கான தமிழர்கள அனுப்பினாங்க, சில பேர் குடும்பத்தோட. சிப்பாய்ங்களுக்கு கூடவே டாக்டர் இருந்தாங்க, ஆபீசர் இருந்தாங்க, செத்தவங்க பேர ஒளிச்சு வச்சாவது எழுதினாங்க. நம்மவங்களுக்கு அதெல்லாம் எதுவுமே இல்ல, காலரா வந்தா கேம்ப் கேம்ப்பா செத்தாங்க. 1943-ல சிங்கப்பூர் சாங்கி போர்க் கைதிகள் முகாம்ல இருந்து கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ்னு பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய மருத்துவக் குழுக்கள இந்தக் கூலிகளுக்காகவே அனுப்பினாங்க, ஆனா கையில மருந்து ரொம்பக் கம்மி. ஆஸ்திரேலியாக்காரங்களுக்கு கல்லு இருக்கு, பேரு இருக்கு, அவங்க போர் வீரர் நினைவு நாளான ஏப்ரல் 25 விடியக்காலைல ஹெல்ஃபயர் பாஸ்ல அஞ்சலியும் நடக்குது. நம்மவங்கள்ல பெரும்பாலானவங்களோட பேரே எங்கயும் பதிவாகல. தாத்தா சொன்ன பேரு, ஊரு, தோட்டம் எது ஞாபகம் இருந்தாலும் எழுதி அனுப்புங்க, கண்டிப்பா போடுறோம்.