ரத்த வங்கியிலிருந்து திரும்பக் கூப்பிட்டால் எச்.ஐ.வி.யா?

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன், வயது 29. போன மாதம் சேலத்தில் ஒரு முகாமில் ரத்தம் கொடுத்தேன். இப்போது ரத்த வங்கியிலிருந்து போன் செய்து, "நேர்ல வாங்க, இன்னொரு தடவை டெஸ்ட் எடுக்கணும்" என்கிறார்கள், எதற்கென்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள். எனக்கு எச்.ஐ.வி.யா? மாமாவுக்கு ஆபரேஷன் வருகிறது, அவருக்கு ரத்தம் கொடுக்கலாமா?

பதில்: தம்பி, நாளைக்கே மலையிறங்கிப் போய் அவர்களைப் பாருங்கள். போனை யார் எடுப்பார்களோ தெரியாது, அதனால்தான் இதையெல்லாம் நேரில் மட்டும் சொல்வார்கள்.

அன்று பை நிறைந்ததோடு, சின்ன டியூப்களிலும் கொஞ்சம் ரத்தம் பிடித்திருப்பார்கள். அதில் எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா என ஐந்துக்கும் சோதனை உண்டு, முடிவு வரும்வரை பை தனியாகத்தான் இருக்கும், ஒன்றில் சந்தேகம் வந்தாலும் அதை அழித்துவிடுவார்கள், யாருக்கும் ஏற்ற மாட்டார்கள். ஆக, கூப்பிட்டது இந்த ஐந்தில் எதற்காகவும் இருக்கலாம். அதுவும் இந்த முதல் சோதனை, நோயுள்ள ஒருவர்கூடத் தப்பிவிடக் கூடாது என்று வைத்திருப்பது, அதனால் நோயே இல்லாத சிலரும் இதில் மாட்டுவார்கள். இந்தச் சோதனையில் சந்தேகம் வந்தால் 'ரியாக்டிவ்' என்பார்கள், அப்படியென்றால் நோய் உறுதி என்று அர்த்தமில்லை. எச்.ஐ.வி. என்று சந்தேகம் என்றால் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே வெவ்வேறு வகையான மூன்று சோதனையிலும் வந்தால்தான் உறுதி. காசு கிடையாது, விஷயம் வெளியே போகாது.

சரி, ஏதோ ஒன்று உறுதியானால்? எச்.ஐ.வி.க்கு இலவச மாத்திரை இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் நீண்ட காலம் நன்றாக வாழலாம். ஹெபடைட்டிஸ் சி பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையில் குணமாகிவிடும். ஹெபடைட்டிஸ் பி என்றால் மனைவி, பிள்ளைகளுக்கும் சோதனை செய்து, தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும். அதனால் வீட்டில் மறைக்காதீர்கள்.

மாமாவுக்கு நீங்கள் கொடுக்க வேண்டாம். ஆண்கள் ஒருமுறை கொடுத்தால் மூன்று மாதம் இடைவெளி வேண்டும், உங்களுக்கு அது இன்னும் ஆகவில்லை. அதைவிட முக்கியம், கிருமி உடம்புக்குள் வந்த புதிதில் எந்தச் சோதனையிலும் தெரியாத நாட்கள் உண்டு. ரத்த வங்கிகளில் வழக்கமாகச் செய்யும் எலிசா என்ற சோதனையில் எச்.ஐ.வி. தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம், கிருமியின் மரபணுவையே தேடும் நாட் (NAT) சோதனை அந்த இடைவெளியைக் குறைக்கும், ஆனால் இல்லாமல் ஆக்காது, எல்லா ரத்த வங்கியிலும் அது கிடையாது. இங்கே சந்தேகம் வந்ததைச் சொல்லாமல் வேறு ஆஸ்பத்திரியில் போய்க் கொடுப்பது மாமாவின் உயிரோடு விளையாடுவது. 'இலவசமா எச்.ஐ.வி. டெஸ்ட் ஆச்சு' என்று ரத்தம் கொடுக்க வருகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்குக் கோபம் வருவது அவர்கள்மேல்தான், அதற்கென்றே நம்பிக்கை மையம் இருக்கும்போது.

மாமாவுக்கு மச்சான் யாராவது, இல்லை நண்பர்கள் கொடுக்கட்டும். குரூப் வேறாக இருந்தாலும் பெரும்பாலான ரத்த வங்கிகளில் வாங்கிக்கொண்டு, அவருக்குப் பொருந்துகிற ரத்தத்தைத் தருவார்கள்.