ஒரு கோட்டிற்குச் செங்குத்தான கோட்டின் சமன்பாட்டைக் காண்பது எப்படி?

இரு கோடுகள் 90 பாகைக் கோணத்தில் வெட்டிக்கொண்டால் அவை ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்பு ஒன்றில், கிழக்கே 1 அடி நகரும்போது வடக்கே 2 அடி ஏறுமாறு கயிறு பிடித்து ஒரு வரிசை நடப்பட்டதாகக் கொள்வோம். அதன் சாய்வு, அதாவது வடக்கே ஏறிய அளவைக் கிழக்கே நகர்ந்த அளவால் வகுத்தால் வருவது, 2. குறுக்கு வரிசைக்காக அதே கயிற்றைக் கால்வட்டம் திருப்பினால், கிழக்கே சென்ற 1 அடி வடக்காகவும், வடக்கே சென்ற 2 அடி மேற்காகவும் மாறிவிடுவதால், புதிய சாய்வு −1/2 ஆகிறது. பின்னம் தலைகீழாவதும் குறி மாறுவதும் இந்தத் திருப்பத்தின் விளைவே. காரணம் புரிந்தால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தேவையே இராது.

இனி, ஒய் = 2எக்ஸ் + 3 என்ற கோட்டிற்குச் செங்குத்தாக, (4, 1) என்ற புள்ளி வழியே செல்லும் கோட்டைக் காண்போம். கொடுத்த கோட்டில் எக்ஸின் கெழுவான 2 தான் அதன் சாய்வு; எனவே செங்குத்துக் கோட்டின் சாய்வு −1/2 என்பதால் ஒய் − 1 = −1/2 (எக்ஸ் − 4); சுருக்கினால் எக்ஸ் + 2ஒய் = 6. புள்ளியைப் பிரதியிட்டால் 4 + 2 = 6 எனச் சரியாக வருகிறது. (கொடுத்த கோடு கிடைமட்டமாயின் சாய்வு 0; அதைத் தலைகீழாக்க முடியாது, விடை நேரடியாக எக்ஸ் = 4.)

பேச்சு வழக்கில் செங்குத்து என்றால் நிமிர்ந்து நிற்பது என்று பொருள்படுவதால், விடைக்கோடு எப்போதும் நேர்மேலாகவே நிற்க வேண்டும் எனப் பல மாணவர்கள் கருதுகின்றனர். ஆனால் இங்கே அச்சொல் இரு கோடுகளுக்கு இடையிலான கோணத்தை மட்டுமே குறிக்கிறது.