ஒற்றை அணுவை எங்கே உட்கார வைப்பது? நீர்ப் பகுப்பு வினையூக்கிகள்: கேள்வி பதில்

பள்ளி ஆசிரியர்: தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்க 1.23 வோல்ட் போதும் என்று பாடம் நடத்துகிறோம். அப்புறம் வினையூக்கி எதற்கு? அதிலும் ஒற்றை அணு?

1.23 கணக்கு சரிதான், ஐயா. ஆனால் அந்த அழுத்தத்தில் குமிழி வராது. தொழிற்சாலைக் கலங்கள் 1.7 முதல் 2 வோல்ட் வரை கேட்கும். கூடுதலாகக் கொடுப்பதில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகும். அந்த வீணைக் குறைப்பதுதான் வினையூக்கியின் வேலை. பிளாட்டினம் துகளில் வெளியே தெரியும் அணுக்கள்தான் உழைக்கின்றன. உள்ளே இருப்பவை சும்மா இருக்கின்றன. அணுக்களைத் தனித்தனியாகப் பரப்பிவிட்டால் எல்லாமே வேலைக்கு வந்துவிடும். 2011-ல் சீனாவின் டாலியன் நகரில் தாவ் ஜாங் குழு இரும்பு ஆக்சைடின் மேல் பிளாட்டினத்தை இப்படிப் பரப்பிக் காட்டியது. அது கார்பன் மோனாக்சைடை எரிப்பதற்காகச் செய்தது, தண்ணீரைப் பிரிக்க அல்ல. ஆனாலும் இந்தத் துறை சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான்.

முதுகலை மாணவி: எந்த உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது, அக்கா?

உலோகத்தைக் கேட்பதற்கு முன் அதன் அக்கம்பக்கத்தைக் கேள், தங்கை. கிராஃபீன் என்ற ஓரணுத் தடிமன் கார்பன் தாளில் நான்கு நைட்ரஜன் பிடித்திருக்கும் கோபால்ட்டும், உலோகக் கட்டியாக இருக்கும் கோபால்ட்டும் ஒன்றல்ல. ஒரு நைட்ரஜனை எடுத்துவிட்டு கந்தகத்தை வைத்தாலே குணம் மாறிவிடும். ஹைட்ரஜன் அணு அதில் ஒட்டவும் வேண்டும், சுலபமாக விடவும் வேண்டும். அதாவது ஒட்டும்போது கட்டிலா ஆற்றல் (free energy) மாற்றம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உலோகப் பரப்புக்கு எழுதிய கணக்கை அப்படியே கொண்டுவந்து, ஒரே ஒரு ஹைட்ரஜனை வைத்துப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். தனி அணு ஓர் அணைவுச் சேர்மத்தின் மைய அணு மாதிரி நடந்துகொள்ளும். அதன்மேல் இரண்டு ஹைட்ரஜன்கூட உட்காரும். இத்தாலியின் மிலானில் பக்கியோனி என்ற வேதியியலாளரின் குழு 2021-ல் சுட்டிக்காட்டியது இதைத்தான். இரண்டாவதையும் கணக்கில் சேர்த்தால் தரவரிசையே மாறலாம்.

அதே மாணவி: உலோகத்தை நிறையச் சேர்த்தால் நல்லதுதானே?

நெருக்கினால் அணுக்கள் ஒன்றையொன்று தேடிப்போய்த் துகளாகிவிடும். எடையில் ஓரிரு சதவீதம் என்று தொடங்கு.

ஆய்வு மாணவர்: ஹைட்ரஜன் பக்கம் வேலை செய்யும் அதே கார்பன் தாங்கியை (அணுக்கள் உட்காரும் தளத்தை) ஆக்சிஜன் பக்கமும் வைக்கலாமா?

வேண்டாம், தம்பி. 1.5 வோல்ட்டுக்கு மேல் கார்பனே ஆக்சிஜனேற்றம் ஆகிவிடும். தாங்கி போனால் அணுவும் போயிற்று. காரக் கரைசல் என்றால் நிக்கல்-இரும்பு அடுக்கு ஹைட்ராக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் தங்கத்தைத் தனி அணுக்களாக வைத்து, செயல்திறனை ஆறு மடங்கு ஏற்றியதாக 2018-ல் ஒரு குழு காட்டியது. அமிலம் என்றால் கதை வேறு. இரிடியத்தை விட்டு விலகுவது இன்னும் கஷ்டம்தான்.

தாங்கியை மாற்றினாலும் ஒரு தடை மிஞ்சும். இந்தப் பக்கம் நான்கு எலெக்ட்ரான் விவகாரம். வினையின் நடுவே அணுவில் ஒட்டி நிற்கும் இடைநிலைகளான ஓ-ஹெச், ஓ-ஓ-ஹெச் இரண்டுக்கும் இடையே சுமார் 3.2 எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளி விழுகிறது. இருக்கவேண்டியது 2.46. ஒன்றைச் சரிசெய்தால் மற்றதும் கூடவே நகரும். அருகருகே இரண்டு உலோக அணுக்களை வைத்து இந்தக் கூட்டு நகர்வை உடைக்கப் பார்க்கிறார்கள்.

ஆய்வு மாணவர்: என் கோபால்ட் மின்முனை நாளுக்கு நாள் மேம்படுகிறது! சுற்றை முடிக்கும் மறுபக்க மின்முனையாக (counter electrode) பிளாட்டினக் கம்பி வைத்திருக்கிறேன்.

அவசரப்பட்டு மகிழாதீர்கள். கம்பியிலிருந்து பிளாட்டினம் கரைந்து வந்து உங்கள் மின்முனையில் படிந்திருக்கும். கிராஃபைட் தண்டு வைத்து மறுபடி அளந்து பாருங்கள். நானும் ஒருமுறை ஏமாந்தவள்தான். என் நிக்கல் மின்முனை அருமையாக ஆக்சிஜன் தந்தது. கடைசியில் பார்த்தால் வேலை செய்தது பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கலந்திருந்த துளி இரும்பு. மூன்று மாதம் போச்சு. கரைசலைச் சுத்திகரிக்காமல் நிக்கல் பக்கம் போகவே கூடாது.

இன்னொருவர்: நுண்ணோக்கிப் படத்தில் தனித்தனிப் புள்ளிகள் தெரிந்தால் போதாதா?

போதாது. படம் காட்டுவது ஒரு மூலையை மட்டும். மாதிரி முழுவதற்கும் சராசரி வேண்டுமென்றால் எக்ஸ்-கதிர் உட்கவர் நிறமாலை எடுக்கவேண்டும். இந்தூரின் இண்டஸ்-2 என்ற சிங்க்ரோட்ரானில் (எலெக்ட்ரான்களைச் சுழலவிட்டு எக்ஸ்-கதிர் தரும் இயந்திரத்தில்) அதற்கு வசதி இருக்கிறது. மின்முனையை ஓட்டி முடித்த பிறகும் எடுங்கள். தனியாகப் போட்ட அணு கொத்தாகக் கிடப்பது அப்போதுதான் தெரியும்.

தொழில்முனைவோர்: எப்போது வாங்கலாம், மேடம்?

ஆய்வுக்கட்டுரைகளில் பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியரை வைத்து ஒப்பிடுகிறார்கள். சவ்வு வைத்த அமிலக் கலங்களுக்கு 1 முதல் 2 ஆம்பியர் வேண்டும், அதுவும் ஆண்டுக்கணக்கில். இப்போதைக்குப் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள், சார்.