குன்னூரில் இருக்கிறோம். மகளுக்கு 13 வயது, கோல்ஃப் நன்றாக ஆடுகிறாள். புரொஃபஷனல் ஆக்கலாமா?

ஆக்கலாம் சார். ஆனால் அவளுக்குப் பதினெட்டு ஆகும்வரை அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்காதீர்கள். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் ஊட்டி ஃபிங்கர்போஸ்ட்காரன். அப்பா முத்தோரை பாலாடாவில் கேரட் மூட்டை ஏற்றினார். பத்தாவது பரீட்சை முடிந்த லீவில் கோல்ஃப் ஆடுகிறவர்களின் பேக் தூக்கப் போனவன், அப்படியே கேடியாகி (பேக் தூக்குகிறவனுக்கு அதுதான் பெயர்), 2007-ல் புரொஃபஷனல் ஆனேன். பிஜிடிஐ என்கிற இந்தியத் தொழில்முறை டூர் ஆரம்பித்தது 2006-ல். நான் மறு வருடமே உள்ளே. ஒன்பது வருடம் ஆடினேன். ஒரு கோப்பைகூட ஜெயிக்கவில்லை. இப்போது கற்றுக்கொடுக்கிறேன். ஆகவே இது ஜெயித்தவன் சொல்லும் அறிவுரை அல்ல, அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

முதலில் மலையைப் பற்றி. ஊட்டி மைதானம் ஏழாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. காற்று லேசு, அதனால் பந்துக்குத் தடை குறைவு. அங்கே செவன் அயர்ன் என்கிற கிளப்பால் அடித்தால் எனக்குப் பந்து 165 யார்டு போகும். அதே கிளப், அதே அடி, சென்னை நந்தனத்தில் 150 தாண்டவில்லை. முதல் போட்டியில் இரண்டு நாளும் குழி இருக்கிற புல்தரையான ஒவ்வொரு கிரீனுக்கும் முன்னால் இருக்கிற மணல் பங்கரில்தான் குடியிருந்தேன். "அண்ணே, ஒரு கிளப் ஏத்தி எடுங்க"ன்னு அந்த ஊர் கேடிப் பையன் கெஞ்சினான், இன்னும் தூரம் போகும் கிளப்பை எடு என்று அர்த்தம். நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் நான்தானே பெரிய அடிகாரன்!

உங்கள் குன்னூர் பக்கத்து வெலிங்டன் மைதானம் ஊட்டியைவிடத் தாழ்வு, ஆனாலும் ஆறாயிரம் அடி. உங்கள் மகள் அங்கே அடிக்கிற தூரத்தை நம்பாதீர்கள். மாதம் ஒரு முறையாவது கீழே கோவை செட்டிபாளையம் மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். வெயிலும் புழுக்கமும் வேறு மாதிரி, புல்லும் வேறு. மேலே கிக்கூயூ புல்லில் பந்து மெத்தையில் வைத்த மாதிரி நிற்கும். கீழே பெர்முடா புல்லில் இலேசாகத் தரை தட்டினாலும் அடி வீண்.

மலை நல்லதும் செய்யும். ஜூலை மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பந்து எங்கே போச்சு என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கேடியாக இருந்தபோது அப்படிப் பழகிய காதுதான் பிற்பாடு எனக்கு வாத்தியார்: கிளப்பின் நடுவில் பட்டதா, ஓரத்தில் பட்டதா என்று பார்க்காமலே தெரியும். சரிவும் அப்படித்தான். கிரீன் இடது பக்கம் சாய்ந்த மாதிரி கண்ணுக்குத் தெரியும், பந்து பள்ளத்தாக்குப் பக்கம் போகும். சமவெளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் கிடைக்காது.

இனி பணம். இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

போட்டி என்றால் நாலு நாள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆரம்பிப்பார்கள். இரண்டாம் நாள் முடிந்ததும் சுமார் ஐம்பது பேர்தான் மேலே போவார்கள். மற்றவர்களுக்கு ஒரு பைசா கிடையாது. இதற்குப் பெயர் கட். நுழைவுக் கட்டணம், ரயில், ரூம், சாப்பாடு, கேடிக் கூலி எல்லாம் ஆடுகிறவன் கையிலிருந்து. கட் தாண்டினாலும் கடைசி இடங்களில் முடித்தால் அந்த வாரச் செலவு திரும்பி வந்தாலே பெரிது. பரிசுப் பணம் மொத்தம் 1 கோடி என்றால் முதல் ஆளுக்கு 15 லட்சம். கீழே வர வர அது எப்படிக் கரையும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

என் இரண்டாவது வருட நோட்டு இன்னும் இருக்கிறது. 19 வாரம் போனேன், 8 முறைதான் கட் தாண்டினேன். வருடக் கடைசியில் கடன். ஏப்ரல், மே ஊட்டி சீசனில் விருந்தினர்களுக்குப் பாடம் எடுத்துத்தான் அதை அடைத்தேன். அந்த இரண்டு மாதமும் போட்டிக்குப் போகவில்லை. போகாததால் ராங்கிங் இறங்கியது. ராங்கிங் இறங்கியதால் மறுபடி கியூ ஸ்கூல் தகுதிச் சுற்று. செக்குமாடு சுற்றுகிற மாதிரிதான்.

எங்கள் கேடி ஷெட்டில் அலி ஷேர் கதையைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். டெல்லியில் கேடியாக இருந்தவர், 1991-ல் இந்தியன் ஓப்பன் ஜெயித்தார். 2009-ல் பெங்களூரு முனியப்பா, அவரும் கேடிதான், அதே பட்டம் வாங்கினார். கிரீன்கீப்பர் மகன் சௌராசியா 2016, 2017 என்று அடுத்தடுத்து வாங்கினார். எல்லாம் உண்மை. ஆனால் அவர்களோடு பேக் தூக்கிக் கிளம்பின மற்றவர்களின் கதையை எந்த ஷெட்டிலும் யாரும் சொன்னதில்லை. நான் அந்த மற்றவர்களில் ஒருத்தன்.

ஒன்பது வருடத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். கோல்ஃபில் அடி எண்ணிக்கை குறைந்தால்தான் நல்லது; நல்ல நாளில் எல்லோரும் ஒரு ரவுண்டை 67 அடியில் முடிப்பார்கள். சோறு போடுவது மோசமான நாள். கை சரியில்லாத நாளில் 72-க்குள் முடிக்கிறவன் பிழைத்துக்கொள்வான். 78 அடிக்கிறவன் ஊர் திரும்புவான். நான் 78 வகை.

72-ஐ எது காப்பாற்றும்? பட்டிங், அதாவது கிரீனில் பந்தைக் குழிக்குள் தட்டுவது. பார் 72 மைதானத்தில், அதாவது 18 குழிக்கும் சேர்த்து 72 அடி என்று கணக்கு வைத்த மைதானத்தில், 36 அடி பட்டிங்குக்கென்றே ஒதுக்கியது, பாதிக்குப் பாதி. ஆனால் பிள்ளைகள் பயிற்சி நேரம் முழுக்க ரொம்பத் தூரம் அடிக்கிற டிரைவர் கிளப்பைத்தான் சுழற்றுவார்கள், பார்க்கிற அப்பாவுக்கும் அதுதான் சந்தோஷம். குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். நான் மழை நாளில் வீட்டுத் தரையில் கம்பளியை விரித்து, எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்து அதற்குள் தட்டுவேன். டம்ளர் வாய் சின்னது. அதில் பழகிவிட்டு மைதானத்துக்குப் போனால் குழி வாளி மாதிரி தெரியும். ஆனால் இதை நான் ஆரம்பித்தது ஏழாவது வருடம். பதிமூன்று வயதில் ஆரம்பித்திருக்க வேண்டியது.

விதிகளைப் படிக்கச் சொல்லுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்வது போதாது. நம் பக்கம் காட்டுமாடு மைதானத்துக்குள் வரும்; கொடைக்கானலில் அது அன்றாடக் காட்சி. கிரீனில் அதன் குளம்புத் தடம் இருந்தால் சரிசெய்துவிட்டு ஆடலாம். கிரீனுக்குப் போகும் புல்வெளியான ஃபேர்வேயில் இருந்தால், போட்டிக் கமிட்டி தனியாக அறிவிக்காத வரை, பந்து கிடந்தபடியே அடிக்க வேண்டும். குரங்கு பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்தால் பழைய இடத்தில் வேறு பந்து வைக்கலாம், பெனால்டி இல்லை. தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் மூன்றே நிமிடம்.

ஸ்கோர் கார்டு வேறு. ஒரு தகுதிச் சுற்றின் கடைசி நாளில் பதினாலாவது ஹோலில் நான் அடித்தது 5. என் ஸ்கோரை எழுதுகிற மார்க்கர் 4 என்று எழுதியிருந்தார். பசி மயக்கத்தில் நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். டீக்கடையில் என் கேடி விரல் விட்டு எண்ணி, "அண்ணே, ஒண்ணு இடிக்குதே" என்றான். திரும்பிப் போய்ச் சொன்னேன். வெளியேற்றினார்கள், அந்த வருடம் போச்சு. தப்பு என்னுடையது. அடித்ததைவிடக் குறைவாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் வெளியே. அதிகமாக எழுதினால் அதுவே நிற்கும். 1968-ல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினா ஆட்டக்காரர் ராபர்ட்டோ டி விசென்சோவுக்கு ஒரு ஹோலில் மார்க்கர் 3-க்குப் பதில் 4 எழுதினார், அவர் பார்க்காமல் கையெழுத்திட்டார், சமநிலையில் முடித்துப் பிளே-ஆஃபுக்குப் போக வேண்டியவர் ஒரே அடியில் தோற்றார். அன்றைக்கு அவருக்குப் பிறந்தநாள் வேறு.

இனி உங்கள் மகளுக்கு. டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவது வந்த அதிதி அசோக் பெங்களூருப் பெண், அங்கே அவருக்குப் பேக் தூக்கியது அவர் அம்மா. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நம் நாட்டில் பெண்கள் டூரில் பரிசுப் பணம் ஆண்களுடையதைவிடக் குறைவு, அதனால் மேலே சொன்ன கணக்கு அவளுக்கு இன்னும் கடுமை. புரொஃபஷனல் ஆகாமல் அமெச்சூராக இருக்கிற வரை இந்தியன் கோல்ஃப் யூனியன் நடத்தும் ஜூனியர் போட்டிகள் இருக்கின்றன, அவற்றில் ஆடட்டும். படிப்பை நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன், கற்றுக்கொடுக்கும் சான்றிதழுக்குப் படிக்கும்போது முப்பத்தைந்து வயதில் திரும்பப் புத்தகம் பிடிக்க வேண்டியிருந்தது.

இப்போதைக்கு இருபது ரவுண்டு ஆடட்டும், பாதி வெலிங்டனில், பாதி செட்டிபாளையத்தில். பட்டிங் எத்தனை என்று தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். அதில் மோசமான ஐந்து கார்டுகளை மட்டும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.