விட்டுப்போன கம்பை மறுபடி எடுக்க

கேள்வி: எனக்கு 36 வயது. மன்னார்குடி பக்கத்துக் கிராமம். பள்ளிக்கூட நாளிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் சிலம்பம் சுற்றினேன். உரக்கடை வைத்த பிறகு விட்டுப்போய் ஐந்து வருடம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை ஆரம்பித்தேன். முதல் நாள் இரண்டு மணி நேரம் சுற்றுவேன். மறுநாள் கையைத் தூக்க முடியாது, அதோடு சரி. நான் காலடி சொல்லிக்கொடுத்த பையன்கள் இப்போது போட்டிக்குப் போகிறார்கள். ஆசான் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருக்கிறது. போன ஆர்வத்தை எப்படி மீட்பது?

பதில்: ஆர்வம் போய்விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆர்வம் இல்லாதவர் முதல் நாளே இரண்டு மணி நேரம் சுற்ற மாட்டார். உங்களைத் தடுப்பது அந்த இரண்டு மணி நேரம்தான்.

பயிற்சியை நிறுத்தினால் உடம்பில் எல்லாம் ஒரே வேகத்தில் குறைவதில்லை. முதலில் போவது மூச்சு. சில வாரங்களிலேயே தம் குறைய ஆரம்பித்துவிடும். தசை வலு அதைவிட மெதுவாக இறங்கும். கைப்பழக்கம் மட்டும் வருடக்கணக்கில் தங்கும். கம்பைப் பிடித்த பத்தாவது நிமிடத்தில் மணிக்கட்டு பழையபடி திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வம்பே அங்கேதான். கை பழைய வேகத்தில் சுற்றும், தோளில் தசையையும் எலும்பையும் பிணைக்கும் நாண் அந்த வேகத்தைத் தாங்காது. தசை சில வாரத்தில் தேறிவிடும். நாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். முப்பதைத் தாண்டித் திரும்பி வருகிறவர்களுக்குக் குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாண் அறுந்துபோவது விளையாட்டு மருத்துவத்தில் அடிக்கடி பார்க்கிற சங்கதி. அதனால் பாய்ந்து வைக்கிற காலடியைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் கம்பே வேண்டாம். உங்கள் ஆசான் முதன்முதலில் சொல்லிக்கொடுத்த காலடி எதுவோ அதை மட்டும் வெறுங்கையோடு போடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், இருபது நிமிடம். சலிப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். மூன்றாவது வாரம் கம்பை எடுத்து ஒற்றைச் சுற்று, இரண்டு கையிலும், மெதுவாக. வீச்சு அதற்கப்புறம். எதிராளியோடு தொடுமுறை விளையாட இரண்டு மாதமாவது போகட்டும். 'இன்னும் கொஞ்சம் சுற்றலாமே' என்று தோன்றும்போதே கம்பைக் கீழே வைத்துவிடுங்கள். அந்தக் குறைதான் அடுத்த தடவை உங்களைக் களத்துக்கு இழுத்துவரும்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தசை வலித்தால் அது இயல்பு, தானே போகும். மூட்டில் ஒரே இடத்தில் குத்துகிற வலி, இரவில் தோளைப் புரட்டவிடாத வலி என்றால் காட்டிவிட வேண்டும். கடுமையாகச் சுற்றிய பிறகு சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் ஆரம்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருக்கிற உடம்பு இல்லையா?

பழைய கம்பைச் சோதிக்காமல் சுற்றாதீர்கள். ஐந்து வருடம் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்ற மூங்கிலில் வண்டு ஏறியிருக்கலாம். நுனியைத் தரையில் தட்டிப் பாருங்கள். மாவு மாதிரித் தூள் உதிர்ந்தாலோ, கணுவை ஒட்டி முடி அளவுக்குக் கீறல் தெரிந்தாலோ அது அடுப்புக்குத்தான். வீச்சில் சிலும்பு தெறித்தால் கண் போய்விடும். நல்ல கம்பென்றால் எண்ணெய் பூசி, கைபிடிக்கிற இடத்தைத் துணியால் அழுத்தித் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் பாமணி ஆற்று மணலில் சுற்றப் பலருக்கும் ஆசை. மணல் காலுக்குப் பதமாக இருக்கிறதே என்பார்கள். விழுந்தால் அதிகம் அடிபடாது என்பது உண்மை, ஆனால் ஒவ்வொரு காலடிக்கும் குதிகால் கூடுதலாக இறங்கி ஏறும். திரும்பி வருகிறவருக்கு மண் இறுகிய களமோ மொட்டை மாடியோ மேல். நம் பக்கத்துப் புழுக்கத்துக்கு உடம்பு மறுபடி பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

இனி கூச்சம். ஆசானைப் பார்க்க விஜயதசமி வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அது நாள் பார்க்கிற மாதிரித் தெரியும், உண்மையில் சாக்கு. வெற்றிலை பாக்கு பழத்தோடு சாதாரணக் கிழமையில் போய் நில்லுங்கள். விட்டுப்போனவன் திரும்பி வந்தால் கோபப்படுகிற ஆசானை நான் அதிகம் பார்த்ததில்லை. கிண்டல் செய்வார், வாங்கிக்கொள்ளுங்கள். பையன்கள் முந்திவிட்டதற்கும் வருந்த வேண்டாம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அந்த வயதில் உங்களுக்கு இல்லாத மேடை அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த பொடிசுகளுக்குக் காலடி சொல்லிக்கொடுங்கள். எதிரே பத்துக் குழந்தைகள் காத்திருந்தால் 'இன்றைக்கு வேண்டாம்' என்று படுத்துக்கொள்ள மனசு வராது.

இடைவெளி மறுபடியும் வரும், அதையும் இப்போதே கணக்கில் வையுங்கள். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்தால் குறுவைக்கு உரம் வாங்கக் கூட்டம் வரும், அப்புறம் சம்பா நடவு. அந்த மாதங்களில் வாரம் மூன்று நாள் நடக்காது. வாரம் ஒரே ஒரு நாள், நேரத்தைக் குறைத்து வேகத்தைக் குறைக்காமல் சுற்றினால், ஏற்றிய வலு பெரும்பாலும் இறங்காமல் நிற்கும். கடையில் கூட்டம் தணிந்ததும் பழையபடி ஒரு நாள் விட்டு ஒரு நாள்.