வாக்குத்தத்த அட்டையும் 88ஆம் சங்கீதமும்

அன்புள்ள ஐயா,

என் கணவர் காலமாகிப் பதினோரு மாதங்கள் ஆகின்றன. அந்தப் புத்தாண்டு ஆராதனையில் நான் எடுத்த வாக்குத்தத்த அட்டை (அந்த ஆண்டுக்கான தேவ வாக்காக ஒரு வேத வசனம் அச்சிட்ட அட்டை) இன்னும் பீரோ கண்ணாடியில் செருகியபடியே இருக்கிறது. பார்த்தால் கோபம்தான் வருகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் 'சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது' என்றே சொன்னார்கள். வேதத்தைத் திறக்க மனமில்லை. இது அவிசுவாசமா? ஓராண்டு நினைவுக் கூட்டத்தில் எந்தப் பகுதியை வாசிக்கலாம்?

ஒரு வாசகி, காட்பாடி

அன்புள்ள சகோதரிக்கு,

அவிசுவாசம் என்று எண்ணி உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். உங்களிடம் உள்ள இதே கோபம் வேதத்துக்குள்ளேயே ஜெபமாக எழுதப்பட்டிருக்கிறது. வேதத்திலுள்ள ஜெபப் பாடல்களான 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவை முறையீடுகள். ஆறாம் சங்கீதக்காரன் இராமுழுவதும் கண்ணீரால் கட்டிலை நனைக்கிறான். பதின்மூன்றாம் சங்கீதம் 'எதுவரைக்கும்' என்று கர்த்தரையே நேராகக் கேட்கிறது. இவை யாரும் மறைத்துவைத்த புலம்பல்கள் அல்ல, சபையாய்க் கூடிப் பாடப்பட்டவை.

உங்களிடம் சொல்லப்பட்ட வசனம், அப்போஸ்தலன் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் வரும் ரோமர் 8:28. அதற்கு இரண்டு வசனங்கள் முன்னால், எப்படி வேண்டிக்கொள்வது என்று அறியாத நமக்காக ஆவியானவர் 'வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு' வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் எழுதுகிறார். அந்தப் பெருமூச்சைத் தாண்டிப் போய் 28ஐ மட்டும் எடுத்து இழவு வீட்டில் கொடுப்பது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், கொடுமையாகவே முடிகிறது. அட்டையில் அச்சிடப்படும் வசனங்களுக்கும் இதே கதிதான். அதிகாரத்திலிருந்து பிரித்தெடுத்ததும் அவை அந்த ஆண்டுக்கான உத்தரவாதம்போலத் தோன்றிவிடுகின்றன.

வேதத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் தவறினார்கள். முடிவில் தேவன் கடிந்துகொண்டதும் அவர்களைத்தான், முறையிட்ட யோபுவையே 'நிதானமாய்ப்' பேசினவன் என்கிறார். சிகிச்சைக்காக வெளியூர்க் குடும்பங்கள் வாரக்கணக்கில் லாட்ஜுகளில் தங்கிக் காத்திருப்பதைப் பார்த்தே வளர்ந்த வேலூர்க்காரர்களான நமக்கு இது தெரியாததல்ல: வார்டு வாசலில் விளக்கம் சொல்பவரைவிட, பிளாஸ்க்கில் டீ வாங்கிவந்து பக்கத்தில் உட்காருகிறவரே வேண்டப்படுகிறார்.

நினைவுக் கூட்டத்துக்கு 88ஆம் சங்கீதத்தைப் பரிந்துரைக்கிறேன். மற்ற முறையீடுகளில் பெரும்பாலானவை கடைசியில் துதிக்கோ நம்பிக்கைக்கோ திரும்புகின்றன. இது திரும்புவதில்லை, சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போன இருளிலேயே முடிகிறது. ஆனாலும் இரவும் பகலும் கூப்பிடுகிறேன் என்றுதான் அது தொடங்குகிறது. ஆறுதல் பெறாமலே ஜெபிக்கலாம் என்ற அனுமதி அதில் இருக்கிறது. இன்று உங்களுக்கு வேண்டியது அதுவே என்று நம்புகிறேன். கூட்டம்வரை வீட்டில் தினம் இரண்டு மூன்று வசனங்களை மட்டும் வாய்விட்டு வாசியுங்கள். அழுகை வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

கூட்டத்தில் 18 வசனங்களையும் விடாமல் வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த உடனே செய்தியைத் தொடங்காமல் சிறிது நேரம் அமைதியாக இருக்கும்படி போதகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சபையார் வேறு பகுதியை வற்புறுத்தினால், இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும்முன் இயேசு கண்ணீர்விட்ட யோவான் 11ஆம் அதிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 88ஐ விட்டுக்கொடுக்க வேண்டாம்.