நியூசிலாந்தில் இலவச பட்ஜெட் சேவை மையத்தில் தன்னார்வலராகச் சேர கணக்குப் படிப்பு வேண்டுமா?

கேள்வி கேட்டவர் ஆக்லாந்தில் குடியேறியவர். கணக்குத் துறையிலோ வங்கியிலோ வேலை பார்த்ததில்லை, ஆனாலும் பண நெருக்கடியில் இருப்பவர்களுக்கு உதவும் மையத்தில் சேர ஆசை என்கிறார்.

தாராளமாகச் சேருங்கள். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். பயிற்சியை மையமே ஏற்பாடு செய்யும், ஆரம்பத்தில் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். நான் சில வருடங்களாகத் தெற்கு ஆக்லாந்தில் இந்த வேலையைச் செய்கிறேன். கணக்கை விடப் பொறுமைதான் அதிகம் தேவைப்படுகிறது.

வருகிறவர்களுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்பு இருந்தால் அதை முதலில் விட்டுவிடுங்கள். சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போகிற வீட்டில் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு, எந்தக் கடையில் பால் மலிவு என்று நம்மை விட நன்றாகத் தெரியும். அவருக்கு வரவு போதவில்லை, தவணைகள் கழுத்தை நெரிக்கின்றன. அதற்கு மேல் பயம் வேறு. பிரிக்காத கடிதங்களை ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுவருவார்கள். உட்கார்ந்து அவற்றைப் பிரித்து அடுக்குவதுதான் பெரும்பாலும் முதல் நாள் வேலை.

அப்புறம் வாரக் கணக்கு. நமக்கு மாதச் சம்பளக் கணக்கு பழக்கம். இங்கே வாடகையும் அரசு உதவித்தொகையும் வாரக் கணக்கில்தான். அதனால் மின்கட்டணம், காரின் பதிவுக் கட்டணம், பிள்ளைகளின் பள்ளிச் சீருடை எல்லாவற்றையும் வாரத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுவோம். எழுதி முடித்ததும் துண்டு விழும் தொகை கண்ணுக்குத் தெரியும். பலருக்கு அதுவே ஒரு நிம்மதி. தான் ஊதாரி இல்லை என்று காகிதத்திலேயே இருக்கிறதே!

அதற்குப் பிறகு கடன் கொடுத்தவர்களிடம் பேச வேண்டும். வந்தவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கினால்தான் நிறுவனங்கள் நம்மிடம் பேசும். இங்கே 2003-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் பெரிய துணை. எதிர்பாராமல் வேலை போனாலோ, உடம்புக்கு முடியாமல் போனாலோ, குடும்பம் பிரிந்தாலோ, தவணையைக் குறைக்கவோ தள்ளிவைக்கவோ எழுத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் நான்கு தவணை தொடர்ந்து தவறிவிட்டால், பாக்கியைச் சரிசெய்யாமல் அந்த வழியில் போக முடியாது. வாரத் தவணை என்றால் நான்கு தவணை என்பது ஒரே மாதம். கடிதத்தைப் பிரிக்கப் பயந்து ஒரு மாதம் தள்ளிப்போட்டவருக்குக் கையில் இருந்த உரிமை நழுவிவிடுகிறது. எனக்கு மனசு தாங்காத இடம் இதுதான். சீக்கிரம் வந்திருந்தால் ஒரே கடிதத்தில் முடிந்திருக்கும்.

வட்டி அதிகமான கடன் என்றால், 2020 முதல் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஆண்டு வட்டி 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள கடனில், வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து வாங்கிய தொகையைத் தாண்டக் கூடாது. 1,000 டாலர் வாங்கியவர் எந்த நிலையிலும் 2,000 டாலருக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. எதுவுமே வழியில்லை என்றால் திவால் சார்ந்த ஏற்பாடுகள் இருக்கின்றன, அவற்றைப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள்.

ஊருக்கு அனுப்பும் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமோவா, டோங்கா போன்ற பசிபிக் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களின் கணக்கில் ஊருக்கும் தேவாலயத்துக்கும் என்று ஒரு தொகை இருக்கும். புதிதாக வரும் சில தன்னார்வலர்கள் முதலில் அதைத்தான் வெட்டச் சொல்வார்கள். அது தவறு என்பது என் உறுதியான கருத்து. அம்மாவுக்கு மருந்துக்குப் பணம் அனுப்புகிற நமக்கு அது புரியாதா? அந்தச் செலவை அப்படியே வைத்துக்கொண்டு, எவ்வளவு தாங்கும் என்று அவரிடமே கேட்க வேண்டும்.

நம் ஆட்கள் இந்த மையங்களுக்கு வருவது குறைவு. வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று நண்பரிடம் கைமாற்று வாங்கி, அதை அடைக்க இன்னொருவரிடம் வாங்கி, கடைசியில் நட்பும் போய்விடுகிறது. இங்கே பேசுவது வெளியே போகாது, ஒரு காசு கட்டணமும் கிடையாது என்பதைத் தமிழிலேயே சொல்ல ஒருவர் இருந்தால் எவ்வளவோ பேர் வருவார்கள். அதனால் விண்ணப்பத்தில் தமிழ் தெரியும் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

வார நாள் பகலில் சில மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கடன் நிறுவனங்களோடு பேசும் வேலையெல்லாம் அப்போதுதான் நடக்கும். உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்போதே சிக்கலில் இருந்தால் மணிடாக்ஸ் என்ற இலவச உதவி எண் 0800 345 123-ஐக் கொடுங்கள். பக்கத்தில் இருக்கும் மையத்தோடு அவர்களே இணைத்துவிடுவார்கள்.